எலிசபெத்து வீட்டில் மூன்று மாதம்



மே மாத வணக்கம் இன்றோடு நிறைவு பெறுகிறது. ஒரு மாதமாக நாள்தோறும் மாலையில் கெபியின் முன் கூடிச் செபமாலை சொன்னோம். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், சாப்பாட்டுப் பையோடு நேராக இங்கே வந்து முழந்தாளிட்ட தாய்மார்கள் உங்களில் பலர். இந்தக் கடைசி நாளில் திருச்சபை நம் கையில் தரும் விழா, மரியா தம் உறவுக்காரப் பெண்மணி எலிசபெத்தைப் பார்க்கப் போன விழா. 1389-இல் திருச்சபை முழுவதற்கும் உரியதாக்கப்பட்ட இந்த விழாவை நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ஜூலை 2-ஆம் தேதி கொண்டாடினார்கள். 1969-இல் வழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தியபோதுதான் மே 31-க்கு வந்தது. அந்தத் தேதியைக் குறித்தவர்களுக்கு ஆம்பூரையும் தெரியாது, நம் பள்ளிக்கூட லீவும் தெரியாது. ஆனாலும் பள்ளி திறக்கச் சில நாட்களே இருக்கும்போது, "இந்த லீவுலயும் ஆயா வீட்டுக்குப் போகலையே" என்று பிள்ளைகள் முகம் சுருங்கி நிற்கும்போது, இந்த நற்செய்தி வாசிக்கப்படுகிறது. நான் இதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

மரியாவை யாரும் போகச் சொல்லவில்லை. லூக்கா எழுதியிருப்பதை வீட்டுக்குப் போய் நிதானமாகப் படித்துப் பாருங்கள். வானதூதர் ஒரு செய்தியைச் சொன்னார். முதிர்ந்த வயதில் உன் உறவினள் கருவுற்றிருக்கிறாள், இது அவளுக்கு ஆறாம் மாதம் என்றார். அவ்வளவுதான். போ என்று ஒரு சொல் இல்லை. செய்தி காதில் விழுந்தது, மரியா கிளம்பிவிட்டார். அவரும் அப்போதுதான் கருவுற்றிருக்கிறார். யோசேப்புக்கு என்ன சொல்வது, ஊர் என்ன பேசும் என்று தம் பக்கமே மலையளவு கவலை. "என் பாடே பெரும்பாடா இருக்கு, இதுல அவங்கள எங்க போய்ப் பாக்கறது" என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. நாசரேத்திலிருந்து யூதேயா மலைநாடு நூறு கிலோமீட்டருக்கும் மேல். எருசலேமுக்குப் பக்கத்தில் ஐன் கரிம் என்ற ஊரைத்தான் எலிசபெத்தின் ஊர் என்று மரபு காட்டுகிறது. இறங்கி ஏறி, பல நாள் நடந்து போகவேண்டிய மலைப்பாதை.

போய்ச் சேர்ந்த வீடு எப்படிப்பட்டது? வீட்டுப் பெரியவர் சக்கரியா பேச்சிழந்து உட்கார்ந்திருக்கிறார். எலிசபெத்தோ ஐந்து மாதம் வெளியே தலைகாட்டாமல் இருந்தவர். பிள்ளை இல்லாதவள் என்று ஊர் பேசிய பேச்சை ஆயுள் முழுவதும் கேட்டவர். வயதான இரண்டு பேர், பேச்சில்லாத ஒரு வீடு. அந்த வாசலில் வயதில் சிறியவள் வந்து நின்று முதலில் வாழ்த்துச் சொல்கிறாள். அந்தக் குரல் காதில் விழுந்ததும் எலிசபெத்தின் வயிற்றில் இருந்த குழந்தை துள்ளியது.

இனிமேல்தான் நான் சொல்லவந்த விஷயம். மரியா உதவி செய்யப் போனார், தண்ணீர் சுமந்தார், சமைத்துப் போட்டார் என்று நாங்கள் குருக்கள் இந்த விழாவில் வழக்கமாகப் பிரசங்கம் செய்வோம். செய்திருப்பார், மூன்று மாதம் இருந்தவர் கையைக் கட்டிக்கொண்டா இருந்திருப்பார்? ஆனால் லூக்கா அதில் ஒன்றைக்கூட எழுதவில்லை. அவர் எழுதியது, அந்த வாசலில் நடந்த பேச்சை. எலிசபெத்து உரத்த குரலில் மரியாவையும் அவர் வயிற்றில் இருந்த கனியையும் வாழ்த்துகிறார். அந்த வாழ்த்து எங்கே இருக்கிறது தெரியுமா? நாம் இந்த மாதம் முழுக்கச் சொன்ன அருள் நிறைந்த மரியே செபத்துக்குள் இருக்கிறது. முதலில் வருவது வானதூதர் சொன்னது. அதற்கு அடுத்து வருவது மலைநாட்டு ஊர் ஒன்றில் ஒரு வயதான பெண்மணி தன் வீட்டு வாசலில் நின்று சொன்னது. ஒரு செபமாலையில் 50 முறைக்கு மேல் அந்தப் பெரியம்மாவின் வார்த்தையை நாம் திருப்பிச் சொல்கிறோம். வானதூதருடைய சொல்லுக்குப் பக்கத்திலேயே அதை வைக்கத் திருச்சபைக்குத் தயக்கம் இருக்கவில்லை.

மரியாவின் பாடலும் அங்கேதான் பிறந்தது. நாசரேத்தில் வானதூதரிடம் அவர் சம்மதம் மட்டும் சொன்னார். பாட்டு வரவில்லை. வலியவர் அரியணையிலிருந்து இறக்கப்படுவதையும் பசித்தவர் நிறைவடைவதையும் பற்றி அவர் பாடியது, திருச்சபை இன்றைக்கும் ஒவ்வொரு மாலைச் செபத்திலும் பாடுகிற பாட்டு, எலிசபெத்து வீட்டில் வந்தது. அவர் போகாமல் இருந்திருந்தால்? தமக்குள் கடவுள் என்ன செய்திருக்கிறார் என்பதை மரியா முழுவதுமாகச் சொல்லிப் பார்த்ததே ஒரு மூதாட்டி தம்மை அடையாளம் கண்டு பேசிய பிறகுதான். கடவுள் நமக்குச் சொல்லவேண்டிய சில வார்த்தைகளை நம் கையில் தராமல், நம் உறவுக்காரர் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறார். போனால்தான் கிடைக்கும். போனில் வராது.

நம் தோல் தொழிலைச் சேர்ந்த ஒருவர் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. திருத்தூதர் பணிகள் நூலில் பேதுரு யோப்பா பட்டணத்தில் பல நாள் தங்கினார் என்று வருகிறது. யார் வீட்டில்? தோல் பதனிடும் சீமோன் வீட்டில். கடற்கரையோரமாக இருந்தது அந்த வீடு என்றுகூட எழுதியிருக்கிறது. செத்த விலங்கின் தோலைத் தொட்டு வேலை செய்பவர் என்பதால் யூதச் சமூகம் அவரைத் தீட்டுப்பட்டவராகத்தான் பார்த்தது. அந்த வாடை என்னவென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பேதுரு அங்கே தங்கினார், சாப்பிட்டார், அந்த வீட்டு மாடியில்தான் செபித்தார். எந்த மனிதரையும் தீட்டு என்று தள்ளக்கூடாது என்ற காட்சி அவருக்குக் கிடைத்தது அந்த மாடியில். பிற இனத்தவரான கொர்னேலியு அனுப்பிய ஆட்கள் வந்து கதவு தட்டியதும் அந்த வீட்டு வாசலில். பிற இனத்தாருக்குத் திருச்சபை கதவு திறந்தது ஒரு தோல் ஷாப்புக்காரர் வீட்டிலிருந்து. எங்கே வேலை என்று யாராவது கேட்டால், என்ன வேலை என்பதை விட்டுவிட்டு "கம்பெனி" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். ஊரில் தாத்தாவின் வீடு காலனியில் இருக்கிறது என்று கூடப்படிக்கிறவர்களிடம் சொல்லக் கூசுகிற பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும்.

நமக்கும் மலைநாடு உண்டு. ஒரு பக்கம் ஏலகிரி, ஒரு பக்கம் ஜவ்வாது மலை. ஆலங்காயம், ஒடுகத்தூர், அணைக்கட்டு, போளூர், சேத்துப்பட்டு என்று இந்த மறைமாவட்டம் முழுக்க உங்கள் வேர்கள் ஓடுகின்றன. உங்களில் சிலருடைய குடும்பங்களுக்கு விசுவாசம் வந்த கதையே வீடு தேடிவந்த ஒருவரின் கதைதான். தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிய காலத்தில் சேத்துப்பட்டைச் சுற்றி ஊர் ஊராகப் போன பிரெஞ்சு நாட்டுத் தாராஸ் சுவாமியைப் பற்றி உங்கள் பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.

ஊர்ப் பக்கம் போனால் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? "இன்னாம்மா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" அதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டு முகம் வாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கிறவர் முகத்தைப் பாருங்கள். வாய் திட்டும்போதே கை பாயைத் தட்டி விரித்துக்கொண்டிருக்கும். அடுப்பில் களி கிண்ட ஆள் போயிருக்கும். கருவாடு எங்கே வைத்தோம் என்று தேடல் நடக்கும். கிளம்பும்போது புளியும் மல்லாட்டையும் கேழ்வரகு மாவும் கட்டிவைத்த பை, வேண்டாம் என்றாலும் வண்டியில் ஏறிவிடும். நீங்கள் பேக்கரியில் வாங்கிக்கொண்டு போன பன்னும் ஆம்பூர் பிரியாணியும் அந்தப் பைக்குச் சமமாகாது என்பது உங்களுக்கும் தெரியும்.

ஆனால் நம் பக்கத்தில் ஊருக்குப் போவது என்றால் ஒன்றைப் பார்க்காமல் இருக்க முடியாது. அது தண்ணீர். பாலாற்று மணலைத் தோண்டினால் ஊற்று வந்து குடித்த தலைமுறை இந்தக் கோவிலிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்ட காலம் போய், 1970களிலிருந்து குரோம் உப்பு பெருகியது. பச்சைத்தோல் கெடாமல் இருக்கப் போடுகிற உப்பும், பதனிடுகிற ரசாயனமும் கழுவிவிட்ட நீரோடு வாய்க்காலுக்கும் ஏரிக்கும் போயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுவதுமோ பயிருக்கு உதவாமல் போனதாக ஓர் ஆய்வு சொன்னதை அந்தத் தீர்ப்பு பதிவுசெய்தது. கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறி இந்த நாட்டின் சட்டத்தில் உறுதியாக நிலைபெற்றது நம் ஊர்க் கிணறுகளின் பேரால். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. நட்ட ஈடு கணக்கிட ஓர் ஆணையம் வந்தது. ஆனாலும் 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு கொடுங்கள், ஆற்றைச் சீராக்குங்கள், கண்காணிக்கக் குழு அமையுங்கள் என்று மறுபடியும் உத்தரவிடவேண்டி வந்தது. முதல் தீர்ப்பின்போது பிறந்த குழந்தைக்கு இன்று கல்யாணமாகியிருக்கும்.

நிலம் கெட்டதால் அந்த ஊர்களின் பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறினார்கள். ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் வீடு எழும்பியிருக்கிறது, தம்பி காலேஜ் போயிருக்கிறான். அந்த உழைப்பை நான் ஆசீர்வதிக்கிறேன். அது பாவமான காசு என்று யாரும் உங்களிடம் சொல்ல விடமாட்டேன். நாம் மறக்கக்கூடாதது, அந்த ஊரில் அந்தத் தண்ணீரோடு இருப்பவர்கள் நம் சொந்த ஆட்கள் என்பதை.

பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் படுக்கையோடு இருந்த ஒரு பெரியவருக்கு நற்கருணை கொண்டுபோயிருந்தேன். நான் அங்கே இருக்கும்போதே மகன் குடும்பம் பைக்கில் வந்து இறங்கியது. உள்ளே வந்ததும் மருமகள் பையிலிருந்து இரண்டு தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். பழக்கத்தில் செய்ததுதான். அந்த வீட்டு ஆயா அதைப் பார்த்துவிட்டு எழுந்துபோய், சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கேனை இழுத்துக்கொண்டு வந்தார். சீல் உடைக்காத கேன். பிள்ளைகள் வருவார்கள் என்று முதியோர் பென்ஷன் பணத்தில் வாங்கி வைத்திருக்கிறார். "நீங்க எதைக் குடிக்கிறீங்க?" என்று நான் கேட்டேன். "போர் தண்ணிதான். எனக்குப் பழகிப்போச்சி சாமி" என்றார். மருமகள் ஒன்றும் பேசவில்லை. பாட்டில்களை மூடிப் பைக்குள் வைத்தாள். ஆயாவின் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு, நின்றவாக்கிலேயே குடித்து முடித்தாள்.

குழந்தைகளுக்கு உப்புத் தண்ணீரைக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கொடுக்காதீர்கள். ஆனால் அந்த வீட்டில் மற்ற நாட்களில் எதைக் குடிக்கிறார்கள் என்பது தெரியாமல் திரும்பி வராதீர்கள். தெரிந்தால் சும்மா இருக்க மாட்டீர்கள். கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து கேட்கப் பெரியவருக்குத் தெம்பில்லாமல் இருக்கலாம், உங்களுக்கு இருக்கிறது. நட்ட ஈட்டுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று விசாரிக்க அவருக்கு எழுத்துத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியும். வலியவர் இறக்கப்படுவதைப் பற்றி மரியா பாடினார் என்றால், எலிசபெத்து பட்ட அவமானத்தை அருகில் இருந்து பார்த்தவரின் வாய் அது.

போகாமல் இருப்பதற்குக் காரணங்கள் எனக்குத் தெரியும். வாரத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான் லீவு. அன்றைக்குப் பூசை, துணி துவைப்பது, ரேஷன், பிள்ளைகளின் தலைமுடி. அதிலும் ஓவர்டைம் என்று கூப்பிட்டுவிட்டால் அந்த ஞாயிறும் போச்சு. இதை அறிந்தும் போங்கள் போங்கள் என்று கோவில் மேடையிலிருந்து சொல்வது சுலபம். ஆகவே தாய்மார்களிடம் அல்ல, வீட்டு ஆண்களிடம் கேட்கிறேன். உங்கள் மனைவியை அவள் பிறந்த வீட்டு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். துணியை நீங்கள் துவையுங்கள்.

நேரமின்மையைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. பாகப்பிரிவினை. வரப்பில் ஒரு அடி, விற்ற நிலத்தில் ஒரு பங்கு, அம்மாவின் நகையில் ஒரு ஜோடி கம்மல். அதற்காக அண்ணன் வீட்டு வாசலைப் பத்து வருஷம் மிதிக்காதவர்கள் இந்தக் கோவிலில் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்பது அவர்களுக்கே தெரியும். யாக்கோபு அண்ணன் ஏசாவை ஏமாற்றிவிட்டு ஓடிப்போனவர். பல வருஷம் கழித்துத் திரும்பிப் போகிறபோது நடுங்கிக்கொண்டேதான் போனார். முன்னால் ஆடு மாடுகளைக் காணிக்கையாக அனுப்பினார், ஏழு முறை தரையில் விழுந்து வணங்கினார். ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டான். இருவரும் அழுதார்கள். உன் முகத்தைப் பார்ப்பது கடவுளின் முகத்தைப் பார்ப்பதுபோல இருக்கிறது என்ற பொருளில் யாக்கோபு பேசியது அப்போதுதான். உங்கள் அண்ணன் ஓடிவருவார் என்று நான் உறுதி சொல்ல முடியாது. முதல் தடவை உள்ளே கூப்பிடாமலும் போகலாம். வாசல்வரைக்கும் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அப்பா அம்மா போய்விட்டார்கள், அங்கே யார் இருக்கிறார்கள் என்பவர்களுக்கு, உங்களைத் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டு அத்தை இருப்பார். அவர் உங்களுக்கு உறவுதான்.

2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறை, சுவக்கீன் அன்னம்மாள் திருநாளை ஒட்டி, தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளாக ஏற்படுத்தினார். அந்த முதல் வருஷமே, அந்த நாளில் தேவையில் இருக்கும் முதியோரோடு போதிய நேரம் செலவிடுகிறவர்களுக்குப் பரிபூரணபலன் உண்டு என்று ரோமிலிருந்து அறிவித்தார்கள். போதிய நேரம் என்பதைக் கவனியுங்கள். காலையில் போய், சாப்பாடு முடிந்ததும் "பஸ் போயிடும்" என்று எழுந்திருப்பதில் பேச்சு தொடங்குவதே இல்லை. வயதானவர்கள் முக்கியமானதைச் சாயங்காலத்துக்கு மேல்தான் சொல்வார்கள். ஒரு ராத்திரி தங்குங்கள். பிள்ளைகளைத் திண்ணையில் தாத்தாவுக்குப் பக்கத்தில் படுக்கப் போடுங்கள்.

இன்னொரு கூட்டத்தையும் இன்று சொல்லியாக வேண்டும். 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுக் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களை மூடியது. 10 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கும் ஒரு கிராமமும், அந்தக் கிராமத்தில் வழிபார்த்திருந்த ஓர் ஆயாவும் இருந்திருப்பார்கள். இன்றைக்கும் நம் தெருக்களுக்குப் பின்னால், ஒரே அறையில் பலராக, வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள். பொங்கலுக்கு ஊரே காலியாகும்போது அவர்கள் போக முடியாமல் இங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய உறவினர் யாரும் ஞாயிற்றுக்கிழமை வந்து கதவு தட்டப்போவதில்லை. நம்மால் முடியும். மொழி தெரியாது என்று தயங்க வேண்டாம். வாசலில் நின்று வணக்கம் சொன்னால் அவர்களுக்குப் புரியும்.

பூசை முடிந்ததும் கெபிக்குப் பக்கத்தில் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் ஒரு நோட்டோடு நிற்பார்கள். ஊரில் தனியாக இருக்கும் உங்கள் பெரியவர்களின் பெயரையும் ஊரையும் அதில் எழுதிக் கொடுங்கள். நடக்க முடியாதவர்கள், பல நாளாக நற்கருணை வாங்காதவர்கள், நோயில்பூசுதல் கேட்டுக் காத்திருப்பவர்கள் இருந்தால் தனியாகக் குறிப்பிடுங்கள். அந்தந்தப் பங்குத்தந்தையிடம் நானே பேசுகிறேன். வடநாட்டுப் பிள்ளைகளின் அறைகளுக்கு அடுத்த ஞாயிறு மாலையில் போக விரும்புகிறவர்கள் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர் எழுதுங்கள். பெயர் கொடுத்தாயிற்று, இனி சாமியார் பார்த்துக்கொள்வார் என்று யாரும் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். நான் போனால் நற்கருணை வரும்; அவர்கள் பெற்ற பிள்ளை வரவேண்டுமானால் நீங்கள்தான் போகவேண்டும். பள்ளி திறப்பதற்குள் போய்விட்டு வாருங்கள்.